சிஹாருவின் பெயரில்

தேநீரை நீட்டிய மனிதர் கோப்பையை விடவில்லை. சயோகோ இரண்டு கைகளாலும் அதைப் பற்றித் தலைகுனிந்த பிறகும் அவருடைய விரல்கள் கோப்பையின் அடியிலேயே இருந்தன. முகம் சிரித்தபடிதான் இருந்தது. தாழ்வாரத்துக் கூரையிலிருந்து மழைநீர் இருவருக்கும் பக்கத்தில் கோடாக விழுந்துகொண்டிருந்தது.

“சீட்டும்மா,” என்றார்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஷிகோகு தீவைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோயில்களையும் நடந்தே கும்பிடும் இந்தப் பாதையில், இருபத்து மூன்று நாட்களாக முன்பின் தெரியாதவர்கள் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்: சுட்ட கிழங்கு, சோற்று உருண்டை, கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. நடப்பவர் எதையும் மறுக்கக் கூடாது. வாங்கியதற்கு நன்றியாகத் தன் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆனால் இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை.

பையிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் கோப்பையை விட்டன.

“சிஹாரு. இருபத்தாறு வயசு,” அவர் உரக்க வாசித்தார். “ஊரு மட்சுயாமா. உடம்பு குணமாகணும். அடடா, இளரத்தம்!”

“அது என் மகளுங்கய்யா. ஆஸ்பத்திரியில இருக்கா. அவளுக்காகத்தான் நடக்கறேன், அதான் அவ பேரையே எழுதிட்டேன்.”

“நல்லதாப் போச்சு. உங்க பேர வச்சுக்கிட்டு என்ன பண்றது?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். நடப்பது என் கால், நடை அவளுடையது என்று கணவர் தெத்ஸுரோவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள். மூன்று நாட்களாகச் சிஹாரு மூக்குக் குழாய் இல்லாமல் மூச்சுவிடுகிறாள். இப்படியே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மணி மூன்று பத்து. ஐந்துக்குள் அடுத்த கோயிலை எட்ட வேண்டும்.

“இந்த மழையில மலை ஏறினீங்கன்னா கோயிலப் பாக்க மாட்டீங்க, நேரா புத்தரையே பாத்துடுவீங்க. உள்ள வாங்க நடைக்காரம்மா. வெந்நீர் தயாரா இருக்கு. என் பேரு இவாவோ.”

மறுக்கக் கூடாது. உள்ளே போனாள்.

ஈரக் கோரைப்பாயின் வாடை, வலிக்கு ஒட்டும் மருந்துப்பட்டையின் கற்பூர நெடி, இரண்டுக்கும் அடியில் நெடுநாள் படுக்கையில் கிடக்கும் உடம்புகளின் புளித்த மணம். கூடத்தின் முடிவில் ஒரு காகிதக் கதவு. அதன் பின்னால் நான்கு விதமான மூச்சுகள் கேட்டன: ஒன்று கொதிகெண்டிபோல் விசிலடித்தது, ஒன்று சளியில் புரண்டது, ஒன்று எண்ணி எண்ணி இழுத்தது, இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டவைத்தது.

“வீட்டாளுங்க. கொஞ்சம் நோவு,” என்றபடி இவாவோ சீட்டோடு கதவை ஒரு சாண் திறந்து உள்ளே நுழைந்தார். விசில் நின்றது. உயிர் போனதால் நின்றதல்ல. யாரோ நிம்மதியாகக் கொட்டாவி விட்டார்கள்.

குளியலறை வாசலில் துண்டைக் கொடுத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார். இரண்டாம் சீட்டு.

வெந்நீருக்குள் உட்கார்ந்தும் அவளுக்கு முதுகு சூடேறவில்லை. சுவருக்கு அப்பால் சளி மூச்சு தெளிவதைக் கேட்டாள். இருமல் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. தெளிந்த பெண்குரல் ஒன்று கத்தியது: “அண்ணே, பசிக்குது!”

“இருடி, வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும்!”

அவள் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தடித்த நூடுல்ஸ் மிதக்கும் சூப் கிண்ணம் ஆவி பறக்கக் காத்திருந்தது. மூன்றாம் சீட்டைக் கொடுத்தாள். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

“அய்யா, மத்த வீடுகள்ல சீட்ட வைக்கோல் மூட்டையில கட்டி விட்டத்துல தொங்கவிட்டிருந்தாங்க.”

“ஆமா, வீட்டுக்கு நோவு வராதுன்னு. மேல தொங்கினா படுத்திருக்கறவனுக்கு என்ன லாபம் சொல்லுங்க? நாங்க கையிலயே குடுத்துடறோம்.”

அவர் உள்ளே போனார். எண்ணி எண்ணி இழுத்த மூச்சு சீரானது.

செல்பேசியை எடுத்தாள். தெத்ஸுரோவிடமிருந்து இரண்டு செய்திகள்.

மூன்று பன்னிரண்டு: திடீர்னு மூச்சுத் திணறுது. குழாய் மாட்டறாங்க.

மூன்று முப்பத்தைந்து: நெஞ்சுல சளி கட்டிருச்சாம். காலைல நல்லா இருந்தாளே.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது.

நினைவு இல்ல. கூப்பிடு.

சூப்பின் ஆவி முகத்தில் பட்டது. எழுந்தாள். செல்பேசி தரையில் விழுந்தது, கிண்ணம் கவிழ்ந்தது.

“சீட்டக் குடுங்க! மூணையும் திருப்பிக் குடுங்க!”

கதவுக்கு வெளியே வந்த இவாவோ புண்பட்டவர்போல் பார்த்தார். “குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா? குடிச்ச தேநீர நான் கேட்டேனா?”

அவரைத் தள்ளினாள். கதவை இழுத்தாள்.

நான்கு படுக்கைகள். மூன்றில் மூவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையில் ஒட்டிய தலைமுடி. குழந்தையின் கன்னம்போல் சிவந்த கன்னங்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சீட்டு. வெறும் வெள்ளை. எழுத்து இல்லை. தேதி இல்லை. பெயர் இல்லை.

மூவரும் கைகூப்பினார்கள்.

“சிஹாருவுக்குப் புண்ணியமாப் போகட்டும்,” என்றார்கள். ஒரே குரலில்.

நான்காவது படுக்கையில் போர்வை மட்டும் தெரிந்தது. அதற்குள் ஏதோ மிக மெதுவாக ஏறியது. இறங்கியது. ஏறியது.

பின்னால், கூடத்துத் தரையில், செல்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா,” இவாவோ பணிவாகக் குனிந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் தோல் பளபளக்கும் ஒரு ஆரஞ்சுப் பழம்.

வேண்டாம் என்று சொல்ல சயோகோ வாயைத் திறந்தாள். கீழே பார்த்தாள். இருபத்து மூன்று நாள் பழக்கத்தில், அவளுடைய கைகள் இரண்டும் ஏற்கெனவே நீண்டிருந்தன. பழம் உள்ளங்கையில் இருந்தது. சில்லென்று.