ரோட்டோடு வந்த மேகம்

இடிமேகம் வளத்தி ஊருக்கு மேலே நின்றுவிட்டது.

மேகம் நிற்காது, காற்று தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருக்கும். செஞ்சிக்கு வெளியே, ரோட்டோரத் தரிசில் நிறுத்தியிருந்த மழை ராடார் லாரிக்குள், சூடேறிய வால்வுகளின் கருகல் வாடை மூக்கில் நிற்க, ஜெனரேட்டரின் உறுமல் உள்ளங்கால் வழியே பல்லுவரை ஏற, திரையில் சுற்றிச் சுற்றி வரும் பச்சை ஒளிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான் அரங்கநாதன். கோடு தொடும்போதெல்லாம் மேகத்தைக் காட்டும் திட்டு ஒளிர்ந்து மங்கியது. கண்ணாடித் திரைமேல் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்தான். அதே இடம். மறுபடியும் அதே இடம். பிறகு நகர்ந்தது.

கூட வேலை பார்க்கும் தனசேகரன் கதவைத் திறந்து அண்ணாந்தான். விடிந்துகொண்டிருந்தது, வானத்தில் ஒரு பிசிறு மேகம்கூட இல்லை. ராடார் அலை மலையில் பட்டுத் திரும்புவதாக இருக்கும் என்றான். மலை நகராது என்றான் அரங்கநாதன்.

புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தான். மேல்மலையனூரில் தொடங்கி, ஏரிக்கரையில் வளைந்து வந்தது. அது மேல்மலையனூர் ரோட்டின் வளைவு, அவனுக்குத் தெரியும். இந்த வேலைக்கு வருமுன் அந்த ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக் கொட்டியவன் அவன்.

"இன்னாடா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"ரோட்டு மேலயே வருதுடா. எம் பொண்டாட்டி வள்ளியம்மா கொழந்தையத் தூக்கினு கோயில்லருந்து அமாவாசை பஸ்ஸுல வரா."

"மேகமும் டிக்கெட் வாங்கினு ஏறிடுச்சா?"

அரங்கநாதன் சிரிக்கவில்லை. பஸ்ஸை மறித்து இருவரையும் இறக்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

திட்டு கிட்டே வந்தது. லாரி நிற்கும் இடமான நடுப்புள்ளியைத் தொட்டது. திரை முழுக்க வெளுத்துப்போனது.

ஓடினான். ரோட்டின் நடுவில் நின்று கைகளை ஆட்டினான்.

பஸ் வந்தது. பின்னால் புழுதி. எல்லா ஜன்னலிலும் படுதா இறக்கியிருந்தது. நின்றது. எவரும் இறங்கவில்லை. உள்ளே எங்கோ தூரத்தில் குமுறுவதுபோல் ஒரு சத்தம்.

"வள்ளி."



கதவை இழுத்தான். தண்ணீர் முழங்காலில் மோதி, காய்ந்த மண்ணில் கொட்டியது. உள்ளே கும்மிருட்டு. பஸ்ஸுக்குள்ளேயே மழை.

மின்னல் வெட்டியது. சீட்டு சீட்டாக ஆட்கள். எல்லா முகமும் மேலே பார்த்தபடி. எல்லா வாயும் திறந்தபடி. உதட்டு விளிம்புவரை தண்ணீர்.

மூன்றாவது சீட்டில் வள்ளியம்மாள். மடியில் குழந்தை. அதன் வாய் இன்னும் நிரம்பவில்லை. அவள் விரல்கள் அதன் தாடையைப் பிடித்து, மெல்ல, அகலமாகத் திறந்துகொண்டிருந்தன.