செண்பகவல்லியின் சிவப்புக் காது

"அம்புட்டும் நாட்டுத் தக்காளி" என்று முத்துப்பேச்சி சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய இடது காது குப்பென்று சிவந்துவிட்டது. கூடையைச் சுற்றி நின்றவர்கள் மறுபேச்சில்லாமல் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். கோவில்பட்டிச் சந்தையில் இதற்கெல்லாம் சண்டை போடுகிற வழக்கம் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முத்துப்பேச்சி தன் காதையே பிடித்துத் திட்டினாள்.

"சவத்துக் கம்மல்! அடியில நாலு பெங்களூர்க்காய் கெடந்தா ஒனக்கு என்ன வந்துச்சு?"

செண்பகவல்லி மட்டும் நகராமல் நின்று ஒரு கிலோ வாங்கினாள். சிவந்த காதுக்காரர்களிடம்தான் அவள் எதையும் வாங்குவது. சொந்த இனம் என்கிற பாசம். பேருந்தில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தால்கூட, எதிரே நிற்பவள் தன்னைவிடக் களைத்தவளோ என்று நினைத்துச் சிவக்கிற காது அவளுடையது.

காதில் இருப்பதற்கு அரசு வைத்த பெயர் உறுத்துமானி. செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்று மனசுக்குப் பட்டதும், வாய் அதற்கொரு நியாயம் கண்டுபிடிப்பதற்கு முன்னால், மூளையின் ஓரத்தில் ஒரு துடிப்பு எழுகிறதாம். அதைப் பிடித்துக் காதில் மணியாக எரியவிடுவதுதான் அதன் வேலை. உறுத்தினால் சிவப்பு, உறுத்தாவிட்டால் பச்சை. பெண்கள் கம்மலில் பதித்துக்கொண்டார்கள், ஆண்கள் கடுக்கனில். அது வந்தபிறகு நீதிமன்றங்களில் கூட்டம் குறைந்தது. கடன் கொடுக்கிறவன் காதைப் பார்த்துக் கொடுத்தான். பெண்பார்க்கப் போன இடத்தில் "சொஜ்ஜி ரொம்பப் பிரமாதம்" என்று சொல்லிக் காது சிவந்த மாப்பிள்ளைகள் பலர் பட்டினியாகத் திரும்பினார்கள். பச்சைக் காது உள்ளவர்கள் மேலே போனார்கள், சிவப்புக் காது உள்ளவர்கள் கீழே நின்றார்கள். உலகம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போது பலருக்கும் லேசாகச் சிவந்தது.

செண்பகவல்லி ஒரு காலத்தில் கபடி ஆடினாள். சாதாரண ஆட்டம் இல்லை, மாவட்ட அணிக்குத் தலைவி. மாநில இறுதி ஆட்டத்தில், கடைசிப் பாட்டு அவளுடையது. மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போனாள். திரும்பும்போது காலை வீசி ஒருத்தியின் குதிகாலைத் தொட்டாள். நன்றாகவே தொட்டாள். வியர்வையின் ஈரம்கூடக் கட்டைவிரலில் ஒட்டியது. தொடப்பட்டவள் கையைத் தூக்கிக்கொண்டு தானே வெளியேற வேண்டும், அதுதான் கபடியின் மரியாதை. அந்தக் குதிகாலுக்குச் சொந்தக்காரி திலகராணி கையைத் தூக்கவில்லை.

உறுத்துமானி வந்தபிறகு நடுவர்களுக்குக் கண் தேவைப்படவில்லை. நடுவர் திலகராணியைக் கேட்டார்.

"பட்டுச்சா?"

"படல சார்."

பச்சை. கோயில் வேப்பமரம் மாதிரி அப்படி ஒரு பச்சை.

நடுவர் இவள் பக்கம் திரும்பினார். "நீ தொட்டியா?"

"தொட்டேன் சார்" என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போதே, கோட்டுக்கு வரும் முன் நம் பாட்டு எங்கேயாவது ஒரு நூல் அறுந்ததோ, மூச்சு விட்டுவிட்டோமோ என்று ஒரு எண்ணம் குறுக்கே ஓடியது. விடவில்லை. ஆனாலும் ஓடியது. காது சிவந்தது.

அரங்கமே ஊளையிட்டது. கோப்பை போனது, விளையாட்டு வீரர்களுக்கான அரசு வேலை போனது, பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார்கள். திலகராணி அந்த வெற்றியோடு கடலைமிட்டாய் வியாபாரத்தில் இறங்கினாள். மிட்டாய்ப் பொட்டலத்தில் அவள் படம், படத்தில் அவள் காது, காதில் பச்சை. "திலகா கடலைமிட்டாய். சுத்தமான வெல்லம், சுத்தமான காது." ஊர்ப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள்.

செண்பகவல்லிக்கு ஒரே ஓர் இடத்தில்தான் வேலை கிடைத்தது. உறுத்துமானி பழுதுபார்க்கும் ஆவுடையப்பன் அண்ணாச்சி கடை. பழுதுபார்த்த மணியை, நன்றாகச் சிவக்கிற ஒரு காதோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்க முடியும்.

"ஒன் காது மாதிரி ஒரு காது இந்த ஜில்லாவுலயே கெடையாதுட்டி" என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார். "ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாலே செவக்குது."

போகப்போகத் தொழிலையும் கற்றுக்கொண்டாள். திருப்புளி பிடிக்கும்போதெல்லாம் திலகராணியின் குதிகாலை நினைத்துக்கொள்வாள். அப்படி நினைப்பதும் தப்போ என்று பட்டு, அதற்கும் சிவக்கும்.

ஒரு நாள் முற்பகல் அந்தக் குதிகால் கடைக்குள்ளேயே நடந்து வந்தது.

"என்னட்டி செண்பகம், நல்லாயிருக்கியா?" திலகராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்றுத்தான் சேர்ந்து சாப்பிட்டுப் பிரிந்தவள் மாதிரி. "மிட்டாய்ச் சங்கத்துல எனக்குப் பசுங்காது விருது தாராவளாம். அதுக்கு முன்ன உரைப்பு முத்திரை புதுசா வேணுமாம். பட்டுனு போட்டுக் குடு."

"வாங்க மொதலாளியம்மா" என்றாள் செண்பகவல்லி. காது சிவந்தது. வரவேற்கும் எண்ணம் இல்லையே.

திலகராணி சிரித்தாள். "இன்னும் அப்பிடியேதான் இருக்கே!"

உரைப்பு என்பது தங்கத்தை உரைத்துப் பார்க்கிற மாதிரிதான். முதலில் ஆள் சும்மா இருக்கும்போது துடிப்பு எப்படி ஓடுகிறது என்று திரையில் பார்க்க வேண்டும். பிறகு எதிரோட்டம். அதாவது, கருவியிலிருந்தே நரம்புக்குள் ஒரு சிட்டிகை உறுத்தலைச் செலுத்தி, மணி சிவக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே நிறுத்திவிட வேண்டும். யாருக்கும் வலிக்காது. மறந்துபோன ஒரு தப்பு ஞாபகத்துக்கு வருகிற மாதிரி ஒரு கணம் இருக்கும், அவ்வளவுதான்.

திரையைப் பார்த்த செண்பகவல்லிக்குக் கை நின்றுபோனது. மனிதர்களுக்குத் துடிப்பு கடல் மாதிரி ஓடும். சும்மா இருந்தாலும் சின்னச்சின்ன அலை அடிக்கும். திலகராணியின் திரையில் அறுவடை முடிந்த கரிசல்காடு. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மேடு பள்ளம் இல்லை.

கருவி பழுதோ என்று சோதிக்க, "அன்னைக்கு என் காலு ஒங்க குதிகால்ல பட்டுச்சுல்லா?" என்று மெல்லக் கேட்டாள்.

"படலையே" என்றாள் திலகராணி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். கரிசல்காட்டில் ஒரு புல்கூட அசையவில்லை.

ஆக, இந்தக் கருவி பொய்யைப் பிடிப்பதில்லை. உறுத்தலைத்தான் பிடிக்கிறது. உறுத்தலே இல்லாமல் பிறந்தவளுக்கு ஆயுள் முழுக்கப் பச்சை. வங்கிகளின் தலைமை நாற்காலிகளிலும், அணித்தலைவர் பதவிகளிலும், மேடைகளிலும் ஊரே பார்த்துப் பார்த்து ஏற்றிவைத்த பச்சைக் காதுகளை செண்பகவல்லி நினைத்துப் பார்த்தாள். உலகத்தைத் திருத்த ஒரு சல்லடை செய்து, உமியை எல்லாம் மேலே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே போய்ச் சொல்லலாம். சிவப்புக் காதுக்காரி சொன்னால் யார் கேட்பார்கள்?

அண்ணாச்சி டீக்கடையில் இருந்தார். செண்பகவல்லி எதிரோட்டத்தைத் திறந்தாள். மணி சிவந்தது. திலகராணி "ஸ்ஸ்" என்று காதைத் தொட்டாள். இப்போது நிறுத்த வேண்டும். செண்பகவல்லி நிறுத்தவில்லை. கொஞ்சம் குறைத்து, அப்படியே ஓடவிட்டு, மூடி முத்திரை வைத்தாள். பொய்யோ தப்போ மனசைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சின்ன ஓட்டம் இனி அதைப் பற்றிக்கொண்டு வளரும். செண்பகவல்லியின் சொந்தக் காது அடுப்புக்கங்கு மாதிரி எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

"முடிஞ்சிது. போயிட்டு வாங்க."

விருது விழாவை எல்லோரும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். செண்பகவல்லி முறுக்கு வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். திலகராணி மேடையேறி, வழக்கமான வாசகத்தைத் தொடங்கினாள். "எங்க மிட்டாயில சுத்தமான வெல்லத்தத் தவிர..."

குளவி கொட்டியது போலக் காதைப் பொத்தினாள். விரல் இடுக்கில் சிவப்பு ஒழுகியது. பின்வரிசையில் யாரோ விளக்குக் கோளாறு என்றார்கள். திலகராணி மறுபடி முயன்றாள். இன்னும் சிவந்தது. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தனக்கே விளங்காத ஒரு குரலில், "சீனி கலக்கோம்" என்றாள். "ரொம்ப நாளாவே கலக்கோம்."

செண்பகவல்லி முறுக்கைக் கடித்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு முறுக்கு தின்றதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு விருந்து. கடைகள் மிட்டாய்ப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. பொட்டலத்துக் காதில் பிள்ளைகள் சிவப்பு மையைத் தீட்டினார்கள். பாட்டும் மாறியது, அதை இங்கே எழுத முடியாது. செண்பகவல்லி முதல் வாரம் கொஞ்சம் தூக்கம் கெட்டாள். அவளுக்கு ஒரு குதிகால்தான் கணக்கு, ஒரு குடும்பம் கவிழ வேண்டும் என்று கேட்கவில்லையே என்று பட்டது. ஆனால் ஊருக்கு உண்மையைத்தானே காட்டினோம் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளத் தேவைப்படவில்லை.

நல்ல காலம் வந்தால் எல்லாம் கூடிவரும் போலிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் வலிய வந்து நலம் விசாரித்தார். முத்துப்பேச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சீட்டுப் பிடிக்கலாமா என்று யோசனை கேட்டாள். அண்ணாச்சிதான் எரிச்சலாக இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவளை உட்காரவைத்தால் சோதிக்கிற எந்த மணியும் சரியாக வரவில்லை.

"இந்தப் பெட்டிய எடைக்குப் போட வேண்டியதுதான்" என்று கருவியின் தலையில் தட்டினார்.

ஒரு மத்தியானம் திலகராணி வந்தாள். நாற்காலியை இழுக்கவில்லை. வாசலில் நின்றே, "வரலாமாட்டி?" என்று கேட்டாள். ஆள் பாதியாகியிருந்தாள். காது மட்டும் முழுசாக எரிந்தது.

"நீ தொட்ட" என்றாள். "குதிகால்ல. எனக்கு அப்பவே தெரியும். ஆனா அது ஒரு விசயமாவே அன்னைக்குப் படல. கல்லு தட்டுன மாதிரிதான். இப்போ சோத்துல கைய வச்சா ஒன் மொகம் வருது. கைய நான் தூக்கியிருக்கணும்."

இந்த வார்த்தைக்காகத்தான் செண்பகவல்லி இத்தனை காலம் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அது வந்து காதில் விழுந்தது. இனித்தது.

"ஒங்களுக்கெல்லாம் எப்பவும் இப்பிடித்தான் இருக்குமா?"

"இருக்கும்."

"இதயும் சொமந்துக்கிட்டா ஆடுனீக?" திலகராணி கண்ணைத் துடைத்தாள். "நான் வெறுங்கையோட ஓடுனேன், நீ மூட்டையோட ஓடுன. ஜெயிச்சது நானுன்னு எழுதி வச்சிருக்காங்க பாரு."

செண்பகவல்லியின் கை மேசையில் இருந்த திருப்புளியைத் தொட்டது. ஒரே ஒரு திருகுதான். கம்மலைக் கழற்றச் சொல்லி, ஓட்டத்தை நிறுத்தி, முத்திரை வைத்துவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. இதுல எதும் கோளாறு இருக்கா? ஒங்கிட்ட வந்து போன பெறவுதான் ஆரம்பிச்சிது. கோளாறுன்னா நான் பழைய ஆளுதான், சரி பண்ணிக் குடு, போயிருதேன். கோளாறு இல்லன்னா இதுதான் நெசமான நான். இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

கோப்பை, வேலை, மாப்பிள்ளை, ஊளை எல்லாம் வரிசையாக செண்பகவல்லியின் கண்முன் வந்து நின்றன. திருப்புளியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு கோளாறும் இல்ல" என்றாள். "எல்லாம் ஒன்னோடதுதான்."

சொன்னதும் அனிச்சையாகக் கூந்தலை இழுத்துக் காதை மூடினாள்.

"எதுக்குட்டி மூடுத?" திலகராணி கையை நீட்டிக் கூந்தலை மெல்ல ஒதுக்கினாள். "பச்சையாத்தான எரியுது. மொளகாச் செடி மாதிரி எம்புட்டு அழகா இருக்கு! நீ சொல்லி நம்பாம வேற யார நம்பப் போறேன்?"

செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தேடிப் பார்த்தாள். விழுந்துபோன பல்லின் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, எப்போதும் குத்திக்கொண்டிருக்கும் அந்த இடத்தைத் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. வசதியாகத்தான் இருந்தது.

"இன்னொரு விசயமும் இருக்கு" என்றாள் திலகராணி, தயங்கித் தயங்கி. "சீனிய நிறுத்திட்டேன். இப்போ நெசமாவே சுத்த வெல்லம். ஆனா நான் சொன்னா காது செவக்குது. பழசெல்லாம் கூடவே வருதுல்லா? ஒரு பயலும் நம்ப மாட்டேங்கான். அறுவது பொம்பளைக வேலையில்லாம ஒக்காந்திருக்காளுக. கம்பெனி வாசல்ல ஒரு பச்சைக் காது நின்னு சொல்லணும். நீ வாயேன். மேல்பொறுப்பு முச்சூடும் ஒனக்குத்தான். மிட்டாய்ப் பொட்டலத்துல ஒன் படத்தயே போட்டுருதேன்."

தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் திலகராணியைக் கண்டுகொண்டு, புதுப் பாட்டைத் தொடங்கினார்கள். திலகராணி தலையைக் குனிந்துகொண்டு, அது தனக்கு வேண்டியதுதான் என்பதுபோல முழுப்பாட்டையும் நின்று கேட்டாள். ஒரு நிமிடம் செண்பகவல்லிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"படம் எடுக்கறப்ப" என்றாள் செண்பகவல்லி, "இடது பக்கமாத் திரும்பி நிக்கணுமா, வலது பக்கமா?"