டயர் முடி

பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால், தெருக்குழாயடியில், பாண்டிமீனா தினமும் சைக்கிளை நிறுத்துவாள். கையில் தண்ணீர் பிடித்து நெற்றியிலும் கழுத்திலும் தெளித்துக்கொள்வாள். வியர்வை மாதிரித் தெரிய வேண்டுமே!

ஏழாம் வகுப்புப் பாண்டிமீனா இப்படி ஒரு வேலையில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அவளுடைய வாய்தான்.

பள்ளியில் சைக்கிள் மாதம் தொடங்கிய அன்று அவள் மேடையேறிப் பேசினாள். "பெட்ரோல் வேண்டாம், புகை வேண்டாம். என் இரண்டு கால் போதும்! இனி தினமும் நான் சைக்கிளில்தான் வருவேன்!" கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. அழகம்மாள் டீச்சர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய அட்டையை மாட்டினார். சைக்கிளில் வருகிறவர்கள் தங்கள் பெயருக்கு நேராகத் தினமும் ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் ஊர்வலம். அதிக நட்சத்திரம் வாங்கியவர்தான் கொடி பிடித்து முதலில் போவார்.

முதல் நாள் பழங்காநத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மிதித்தே வந்தாள். முதுகில் பாறாங்கல் மாதிரிப் பை. முழங்கால் இரண்டும் கெஞ்சின. பள்ளிக்குப் பின்தெருவில் வந்தபோது டமார்! பழைய டயர் வெடித்துவிட்டது.

அங்கேயே இருந்த பஞ்சர் கடைக்காரர் மொக்கைச்சாமி குனிந்து பார்த்தார். "ரெண்டு டயரும் போச்சு பாப்பா. புதுசு மாட்டி வைக்கிறேன், நாளைக்கு வந்து எடுத்துக்க."

மறுநாள் அப்பா பைக்கில் கொண்டுவந்து அந்தக் கடையில் இறக்கிவிட்டார். பாண்டிமீனா புது டயர் மாட்டிய சைக்கிளில் கடைசித் தெருவை மட்டும் ஓட்டிப்போய் உள்ளே நுழைந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அப்பாவிடம், "சைக்கிளு கடையிலயே நிக்கட்டும்பா. என்னைய அங்கயே இறக்கிவிட்டு, சாயங்காலமும் அங்கயே வந்து கூப்டுக்கங்க" என்றாள்.

அப்பா வேலை செய்யும் லேத் பட்டறை அதே வழியில்தான் இருந்தது. "சரிடா" என்று சொல்லிவிட்டார்.

இப்படியே இருபது நாளில் இருபது நட்சத்திரம் சேர்ந்துவிட்டது.

அவளுக்கு அடுத்தபடியாகப் பத்தொன்பது நட்சத்திரம் வைத்திருந்தவன் பீமாராவ். நாலாம் வகுப்பு. அவளுடைய பேச்சைக் கேட்டுவிட்டு, ஆட்டோவே வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடித்தவன். அண்ணனின் பழைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டு, ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து எக்கி எக்கி மிதித்து வருவான்.

"காய்ச்சல்ல ஒருநா லீவு போட்டேன்க்கா. இல்லாட்டி உங்கள முந்தியிருப்பேன்" என்பான்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஊர்வலத்துக்கு முந்தின நாள், அவன் திடீரென்று அவளுடைய சைக்கிள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, உங்க டயர்ல இன்னும் முடி இருக்கே!"

புது டயரைப் பார்த்திருக்கிறீர்களா? மீசை முளைத்த மாதிரி மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். டயரைச் சூடான அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியே போக அச்சில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். காற்றின் பின்னாலேயே கொஞ்சம் ரப்பரும் அந்த ஓட்டைகளுக்குள் நுழைந்துவிடும். அதுதான் அந்த முடி. சாலையில் ஓட ஓட, தரையில் படும் இடத்து முடியெல்லாம் தேய்ந்து உதிர்ந்துவிடும். ஓடாத டயரில் அப்படியே இருக்கும்.

பீமாராவின் டயரில் நடுவில் ஒன்றுகூட இல்லை.

பாண்டிமீனாவுக்குக் காது இரண்டும் சுட்டன. "இது... ரொம்ப நல்ல டயரு. லேசுல தேயாது" என்றாள்.

"அப்படியாக்கா?" பீமாராவின் கண்கள் விரிந்தன. "எங்கப்பாட்ட சொல்லி நானும் இதே டயரு வாங்கணும்!"

அவன் நம்பிவிட்டான். 'பொய் சொல்றீங்க' என்று அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தலை நிமிராமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்கு வந்தாள்.

அப்பா பைக்கோடு காத்திருந்தார். "ஏறும்மா."

"நான் சைக்கிள்லயே வாரேன்பா."

"அம்புட்டுத் தூரமா? பை கனமா இருக்குன்னயே?"

பாண்டிமீனா யோசித்தாள். முதல் நாள் ஏன் அவ்வளவு வலித்தது? சீட் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த சீட்டில் முழங்கால் மடங்கியே இருக்கும். காலை நீட்டி முழுபலத்தோடு மிதிக்க முடியாது. மொக்கைச்சாமியிடம் ஸ்பேனர் வாங்கி, அவளே சீட்டை நான்கு விரல் உயர்த்தினாள். முதுகில் இருந்த பையைக் கேரியரில் கட்டினாள். மிதித்துப் பார்த்தால், அட! இது வேறு சைக்கிளா?

வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கவிழ்த்தாள். இரண்டு தண்ணீர் பாட்டில், மூன்று ஜாமெட்ரி பாக்ஸ், திங்கட்கிழமைக்கு மட்டும் வேண்டிய ஓவிய நோட்டு, போன வருட டைரி, ஒற்றைச் செருப்பு.

"இந்தச் செருப்பத்தான்டி ஆறு மாசமாத் தேடுறேன்!" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அட்டையிலிருந்து நட்சத்திரங்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன பாண்டிமீனா இது?" அழகம்மாள் டீச்சர்.

எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை. "மிச்சத்தையும் நீயே எடு" என்று மட்டும் சொல்லி, பக்கத்திலேயே நின்றார். பத்தொன்பது நட்சத்திரமும் வந்துவிட்டன. முதல் நாள் ஒட்டியது மட்டும் மிஞ்சியது.

இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. பீமாராவ் மூச்சு வாங்க வந்து இறங்கினான்.

"நேத்து நான் சொன்னது பொய்டா. அது நல்ல டயரெல்லாம் இல்ல. கடைசித் தெருவ மட்டுந்தான் ஓட்டுனேன்."

அவன் அவளைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். முகம் சுருங்கிப்போனது.

"உங்களப் பாத்துத்தானக்கா நான் வந்தேன்."



சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவன் கேட்டான். "இன்னைக்கு?"

"வீட்லருந்தே மிதிச்சு வந்தேன்."

"அப்ப இன்னைக்கு ஸ்டாரு உங்களுக்கு உண்டுல்ல? ஒட்டுங்க."

ஊர்வலத்தில் கொடி பிடித்துப் பீமாராவ் முதலில் போனான். அவனைவிடக் கொடிதான் பெரிதாக இருந்தது. பாண்டிமீனா எல்லோருக்கும் பின்னால் போனாள்.

சைக்கிள் மாதம் முடிந்தது. அட்டையைக் கழற்றிவிட்டார்கள். பாண்டிமீனாவின் சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. பையில் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது முன்கூடையில் ஒரு கட்டுக் கீரை வரும். பக்கத்துத் தெருவில் பால் வாங்கக்கூடப் பைக்கை உதைத்த அப்பா, இப்போது "உன் சைக்கிளைக் குடுடா" என்று கேட்கிறார்.

ஒருநாள் காலையில் பீமாராவ் மறுபடியும் அவளுடைய டயர் முன்னால் குத்தவைத்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

"அக்கா! நடுவுல ஒண்ணுகூட இல்ல! மொழுமொழுன்னு இருக்கு!"

பாண்டிமீனா சிரித்தாள். அவளுடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு உருண்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. அது குழாய்த் தண்ணீர் இல்லை.