ஜெனிலாவின் நடை

பனிச்சறுக்குச் சரிவில் யாருமே விழவில்லை என்பதுதான் எட்வினின் கண்ணில் முதலில் பட்டது. ஐந்து வயதுக் குழந்தையும் அறுபது வயதுக்காரரும் ஒரே மாதிரி முழங்காலை மடக்கி, ஒரே மாதிரி இடுப்பைத் திருப்பி, உச்சியிலிருந்து வழுக்கி வந்து அடிவாரத்தில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் முந்தின நாள்தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைத் தொட்டவர்கள்.

"எல்லாரும் அசைவேற்றிக்கிட்டவங்கப்பா," என்றாள் ஜெனிலா. கையுறைக்குள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசைவேற்றி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. தேர்ந்த ஒருவரின் உடம்பு எப்படி அசைகிறது என்பதை நரம்புத் துடிப்புகளாகப் பிடித்து வைத்து, கற்க வந்தவரின் உடம்பில் ஏற்றிவிடும் இயந்திரம் அது. நீச்சல், வயலின், மலையேற்றம், எல்லாமே அப்படித்தான் கைவந்தன. பயிற்சிக்கு இடம் பிடிப்பதையும் பதிவு என்றார்கள், உடம்பில் ஏறுவதையும் பதிவு என்றார்கள். நாளடைவில் இரண்டும் ஒன்றாகிப்போயின.

நாகர்கோவிலிலிருந்து இமாச்சலத்தின் இந்த மலைவிடுதிவரை எட்வின் மகளைக் கூட்டிவந்ததற்குக் காரணம் உண்டு. மனைவி சுகிர்தா இறந்துபோன பிறகு ஜெனிலா பள்ளிக்கூடம், வீடு, படுக்கை என்று சுருங்கிவிட்டிருந்தாள். "பனி பாக்கப் போலாமா மக்ளே?" என்று அவர் கேட்டபோது மட்டும்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

முன்பதிவுக் கூடத்தில் இருந்த இளைஞன் இந்தியில் பேசினான். எட்வினின் காதிலிருந்த மொழிமாற்றி அதைப் புத்தகத் தமிழில் சொன்னது.

"கூட்டுப்பயிற்சி, தனிப்பயிற்சி என இரண்டு உள்ளன. கூட்டுப்பயிற்சியில் பலருடைய அசைவுகளின் சராசரியை ஏற்றுவோம். ஊர் திரும்பிச் சில வாரங்களில் மறைந்துவிடும். தனிப்பயிற்சியில் ஒரே ஒருவருடைய பதிவு. அது ஆழமாக இறங்கும். நிலைத்துவிடும்."

"கூட்டுப்பயிற்சி போதும்ல?" என்று எட்வின் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டத்துல வேண்டாம்ப்பா. நேத்து பஸ்லயே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, அம்மா வரலியான்னு."

அவர் இளைஞன் பக்கம் திரும்பி, தனிப்பயிற்சியே போதும் என்றார்.

"ஒரு விஷயம்," என்றான் இளைஞன். "சறுக்குவதை மட்டும் தனியாகப் பிரித்து ஏற்ற முடியாது. கால்களின் பழக்கம் முழுவதுமாக வரும். நடையில் மாற்றம் தெரியலாம். பெரும்பாலானோர் கவனிப்பதில்லை."

எட்வின் அதைக் கேட்டார். கேட்டதும் உண்மை, புரிந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் ஜெனிலா சுவரிலிருந்த பயிற்றுநர்களின் படங்களைப் பார்த்து, "இவங்க! இந்த யாங்சென்!" என்று கைகாட்டினாள். படத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி பனித்தூளுக்கு நடுவே காற்றில் நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு மகளின் குரல் உயர்ந்து கேட்டதில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. சரி என்று தலையசைத்தார்.

நரம்புச்சட்டையையும் காலுறைகளையும் மாட்டி அவளை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள். தொடைகளும் கெண்டைக்கால்களும் மழைத்துளி விழும் குளம்போல் துடித்துக்கொண்டே இருந்தன. வலிக்கிறதா என்று கேட்டார். "கூச்சமா இருக்குப்பா," என்று சிரித்தாள். துடிப்பு அடங்கியதும் எழுந்தாள், சறுக்குக்கட்டைகளைத் தானாகவே மாட்டினாள். பூட்டுகளை அழுத்தத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு அவளே வியந்தாள்.

பிறகு சரிவில் இறங்கினாள்.

எட்வின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறு உருவம் வெள்ளைப் பரப்பில் வளைந்து வளைந்து, எங்கும் தடுமாறாமல், ஓடை இறங்குவதுபோல இறங்கி வந்தது. பக்கத்தில் வந்து பனியைச் சிதறடித்து நின்றபோது அவள் கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, பறந்தேன்!"

சுகிர்தா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் மரத்தள நடைபாதையில், தொப்பியை அறையில் விட்டுவிட்டு வந்ததால் அவர் சற்றுப் பின்தங்கினார். முன்னால் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் விடுதி கொடுத்த ஒரே மாதிரிக் கம்பளிச் சட்டை. அவர் முதுகுகளைப் பார்க்கவில்லை, வழக்கம்போலக் கால்களைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஜெனிலா இல்லை என்று முடிவுசெய்து, வேறு பக்கம் போய்த் தேடினார். திரும்பி வந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள்.

"எங்க போனீங்க? உங்க முன்னாடிதானே நடந்தேன்?"

"எங்க, கொஞ்சம் நட பாப்போம்," என்றார்.

நடந்தாள். நேரான, மெத்தென்ற, ஓசையில்லாத நடை. பாதம் முழுதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு ஒரே நேரத்தில் எழுந்தது.

சுகிர்தாவுக்கு இடது காலை ஊன்றும்போது ஒரு சின்னத் தயக்கம் வரும். ஏதோ நினைவுக்கு வந்து நின்றுவிடப்போகிறாள் என்று தோன்றும். உடனே அதை ஈடுகட்டுவதுபோல வலது கால் அவசரமாக வந்து விழும். ஜெனிலா நடக்கப் பழகிய நாளிலிருந்தே அதே தயக்கம், அதே அவசரம். சுகிர்தாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அடுக்களையிலிருந்து அந்தக் காலடி கேட்டது. ஜெனிலா காப்பி கொண்டுவந்தாள். அதன் பிறகு தினமும் காலையில் அவர் அந்த மேசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்காமல் ஏன் தூங்குகிறீர்கள் என்று மகள் கேட்பாள். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் குறைந்துபோகும் என்று ஒரு பயம்.

மறுநாள் காலை தனியாக முன்பதிவுக் கூடத்துக்குப் போனார்.

"ஏத்தினதை எடுத்துடணும். பழையபடி ஆக்கணும்."

இளைஞன் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "தனிப்பதிவை எடுக்க வழியில்லை, ஐயா. வேண்டுமானால் அதன்மேல் வேறொருவருடைய பதிவை ஏற்றலாம்."

"வேற யாரோடதும் வேண்டாம். அவளோடது?"

"ஏற்றுவதற்கு முன்பு இருந்ததை நாங்கள் எடுத்து வைப்பதில்லை. இதுவரை எவரும் கேட்டதில்லை."

எட்வின் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெனிலா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று அவருக்குத் தெரியாது. காலடி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"என்னப்பா எடுக்கணும்? நான் நல்லா பண்ணலியா?"

"நல்லாத்தான் பண்ணின மக்ளே."

"அப்புறம்?"

அவர் சொன்னார். தயக்கம், அவசரம், அடுக்களை, காப்பி, மூடிய கண்கள் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்தபோது ஜெனிலா தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட அம்மா நடை இருந்துதா?"

"ம்."

"நீங்க ஒரு நாளும் சொல்லலியே. சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுருப்பேனே." குரல் உடைந்தது. "எனக்கு அம்மாட்டருந்து ஒண்ணும் வரலன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். மூக்கு உங்களோடது, நிறம் உங்களோடது. கண்ணாடியில எவ்ளோ நாள் தேடியிருக்கேன் தெரியுமா?"

எட்வின் மெல்ல நிமிர்ந்தார். அவள் கையைப் பிடிக்கப்போனார், அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்து, சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் போர்வை. இளைஞன் எழுந்து நின்று வணங்கினான். ஜெனிலாதான் முதலில் அடையாளம் கண்டாள். திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"யாங்சென்?"

"ஆம்," என்றது மொழிமாற்றி. "பதிவு எடுத்த அடுத்த குளிர்காலத்தில் பனிச்சரிவில் புதைந்தேன். மூன்று பேர் தோண்டி எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு எந்த உணர்வும் இல்லை." நெடுநாள் சொல்லிப் பழகியதுபோல அமைதியாகச் சொன்னார். "என் பதிவை யாராவது ஏற்றிக்கொண்டால் இந்தப் பையன் தகவல் சொல்வான். சிரமம் இல்லையென்றால், மகளே, அந்தச் சன்னல்வரை ஒருமுறை நடந்து காட்டுவாயா?"

ஜெனிலா அப்பாவைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

எட்வின் மகளைப் பார்க்கவில்லை. யாங்சென்னின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் இளகியது, உதடுகள் லேசாகப் பிரிந்தன, கண்கள் ஜெனிலாவின் கால்களைத் தாண்டி மேலே போகவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் போர்வையின் மேலிருந்த விரல் ஒன்று அசைந்தது. அவ்வளவு ஆசையோடு ஒருவர் தன் மகளைப் பார்ப்பதை அவர் கண்டதில்லை. ஆனால் அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல. அது தெரிந்ததும், காலை நேரத்துச் சாப்பாட்டு மேசையில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஜெனிலா சன்னலிலிருந்து திரும்பினாள். பாதி தூரம் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னும் ஒருமுறை," என்றார் யாங்சென் மெல்ல.

"மாட்டேன்." அவள் கத்தவில்லை. "நீங்க உங்களப் பாக்குறீங்க. அப்பா அம்மாவப் பாத்துட்டிருந்தாரு. எனக்குன்னு எதாவது இருந்துதாப்பா? எங்கிட்ட, என்னோடதா?"

மொழிமாற்றி அதை யாங்சென்னின் காதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். "மன்னித்துவிடு," என்றார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, கதவு திறக்கக் காத்திருந்து, வெளியே போனார்.

எட்வின் யோசித்தார். மெய்யாகவே, முழு மனதோடு யோசித்தார். அவள் சிரிப்பது, கோபப்படுவது, தட்டில் சோற்றைப் பிசைவது. ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்த்தார். கடைசி ஓராண்டில் எதை எடுத்தாலும் அதில் சுகிர்தா இருக்கிறாளா என்று தேடியதுதான் நினைவிருந்தது. அவள் இல்லாத இடங்களை அவர் பார்க்காமலே விட்டிருந்தார்.

"தெரியல மக்ளே," என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஜெனிலா தலையசைத்தாள். அழவும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனாள்.

அவர் எழுந்து பின்னால் போனார். கூப்பிடவில்லை, நெருங்கவும் இல்லை. கால்களைப் பார்க்கக்கூடாது என்று தன்னைத் தானே கட்டாயப்படுத்திக்கொண்டார். சற்று தூரம் போனதும் அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு கையை எடுத்து, பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்து, தலையை அதன்மேல் ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். அப்படியே சாய்த்தபடி நடந்தாள்.

சுகிர்தா அப்படிச் செய்ததில்லை. அவரும் செய்வதில்லை. யாருடைய பழக்கம் அது, எப்போதிருந்து இப்படிச் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.