இலைக்கு மூஞ்சி கிடையாது

மழைக்கு ஒதுங்கும் சாக்கில் கடையேறிக் காதலில் விழுந்தவர்கள் ஊரில் ஏராளம். ஸ்டூடியோக்காரர் மகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் கடைக்கு அவள் வேலையாகத்தான் வந்தாள். வாசலில் நின்று குடையை மடக்கினாள்... ஒரே ஒரு உதறு. அவ்வளவு தண்ணீரும் உள்ளே முதல் நாற்காலியில் இருந்தவன் முகத்தில் போய் விழுந்தது.

"ஐயோ... சாரிங்க!"

"பரவால்லங்க. மழை வெளியிலதான் பெய்யுதுன்னு நினைச்சுட்டேன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் போல, உலகத்தில் எதையும் சந்தேகப்படாத கண்கள். அவள் ஒரு நொடிதான் பார்த்தாள். சரி... மூன்று நொடி.

அடுத்த நிமிடமே சண்டை. சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்கக் கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதன் முன்னால் அவன்.

"நான் நேத்தே சொல்லி வச்சிருந்தேன்" என்றாள்.

"நான் முந்தாநேத்தே சொன்னேங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதானேம்மா? மலையாக் குவிஞ்ச போட்டோவை ஒழுங்கு பண்ற சாஃப்ட்வேர். இன்னொரு நாற்காலி போடறேன், சேர்ந்தே பாருங்க."

அந்த நாற்காலியைப் போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும்!

அவள் பாடு பெரும்பாடு. அப்பா இருபத்திரண்டு வருடமாக எடுத்த கல்யாணப் படங்கள் எண்பதாயிரம், நாலு ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. ஃபோல்டர்களுக்கு அவர் வைத்த பெயர்களோ... 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி'. எங்க மாமா சிரிச்ச மாதிரி ஒரு படம் வேணும் என்று யாராவது வந்தால், தேடுவதற்கே அரை நாள் போய்விடும். அப்பாவுக்கு முழங்கால் மக்கர் செய்ய, கடை அவள் கைக்கு வந்தது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தாள்.

அவன் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவன். அவனிடம் நாற்பதாயிரம் படங்கள். எல்லாமே இலை.

கடைக்காரர் இரண்டு சாஃப்ட்வேர் காட்டினார். முதலாவது, முகங்களைத் தானே அடையாளம் கண்டு ஆள்வாரியாகப் பிரித்தது. அவள் துள்ளினாள்.

"இதாங்க எனக்கு வேணும்! மூஞ்சியைப் பார்த்து அதுவே பிரிச்சு வச்சிடுது!"

"இலைக்கு மூஞ்சி கிடையாதுங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?"

"இல்ல... ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இன்னது இன்னதுன்னு நாமளே குறிச்சு வைக்கிறதுதான் நல்லது. மெஷின் பார்க்கும். கவனிக்காது." இரண்டாவது சாஃப்ட்வேர் அந்த ரகம். எல்லாம் கையால் எழுத வேண்டும்.

"எண்பதாயிரத்துக்கும் எழுதி முடிக்கிறதுக்குள்ள, அந்த மாப்பிள்ளையோட பேரனுக்கே கல்யாணம் ஆயிடும்."

"ஆகட்டுமே. அந்த ஆர்டரும் உங்களுக்குத்தானே வரப்போகுது?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரிப்பு கண் வழியாக வந்துவிட்டது.

இரண்டையும் முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். பந்தயம் பிறந்தது. அவள் மெஷினை நம்புவாள், அவன் கையை நம்புவான். வாராவாரம் ஸ்டூடியோவில் கூடி யார் வழி சரி என்று பார்த்துவிடுவது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் வசதி என்றாள் அவள். அப்பா முழங்கால் வைத்தியத்துக்குப் போகிற நேரம் அதுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வியாழன் போனதே தெரியவில்லை. வரும்போதெல்லாம் ஒரு இலைப் படம் கொண்டுவருவான். ஒரு இலைக்கு அடியில் பட்டு மாதிரி முடி. இன்னொன்றில் பூச்சி கடித்த ஓட்டைகள், நட்சத்திரம் சிதறின மாதிரி. அவள் வாய், 'ம்ம்' கொட்டிக்கொண்டிருக்கும். 'இலைக்காரரே' என்று அவள் கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். மூன்றாவது வியாழன், அலுவலக அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றான். எடுத்தாள். எட்டு தடவை எடுத்தாள். ஒரு அட்டைக்கு எதற்கு எட்டு என்று அவனும் கேட்கவில்லை.

அவன் போனதும், அந்தப் படத்தின் கீழே அவளே கையால் எழுதினாள்... 'இலைக்காரர்'.

வினை அங்கேதான் பிடித்தது. மெஷின் வேறு முகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது: இவரும் அவர்தானா? கடையில் கூட்டம். ஒரு கையில் வாடிக்கையாளரின் கவர், இன்னொரு கையில் மவுஸ். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆம், ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலையில் 'இலைக்காரர்' என்று தேடினாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்து நின்றன. மாப்பிள்ளைக் கோட்டில் அவன். மணமேடையில் அவன். ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய அவன்! நாலு வருடம் முந்தைய தேதி. அவள் படிப்புக்காக வெளியூரில் இருந்த சமயம், அப்பா எடுத்த கல்யாணம்.

சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்தாள். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

நாலாவது வியாழன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"வாங்க சார். உங்க படம் ரெடி."

"சாரா? இலைக்காரர் எங்க போனாரு?"

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க... ஏங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பந்தயத்துல நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கலாம். இனிமே வர வேண்டாம்."

கேட்டிருக்கலாம் அல்லவா, நேராக? கேட்டால், 'உனக்கு ஏன் இந்தக் கவலை' என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டால்? அந்த மானம் தடுத்தது. அவனுக்கும் ரோஷம் இல்லாமலா இருக்கும்? கவரை எடுத்துக்கொண்டான். "சரிங்க" என்றான். வெளியே தூறலில் நனைந்துகொண்டே போனான். கண்ணாடியைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வீங்கின இமையோடு மறுபடி அந்தப் படங்களையே அவள் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் அப்பா.

"இந்தக் கல்யாணத்தை எதுக்கும்மா நோண்டிட்டு இருக்கே?"

"இவரைத் தெரியுமாப்பா?"

"மாப்பிள்ளையைத் தெரியாமலா? போன மாசம்கூட வந்தானே, குழந்தை போட்டோ பிரிண்ட் போட." அப்பா குனிந்து திரையில் விரலை வைத்தார். "ஆனா இது அவன் இல்லையே. இது அவன் தம்பி, அதே ஜாடை."

"எது?"

"இதோ, குரூப் போட்டோவுல, ஓரத்துல. தம்பி நிமிருப்பா, நிமிருப்பான்னு கத்தி என் தொண்டை வறண்டு போச்சு."

பெரிதாக்கிப் பார்த்தாள். ஊரே கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் மேடை ஓரத்துத் தொட்டிச் செடியின் இலையைத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப... இந்தத் தம்பி... கல்யாணம்..."

"அவனுக்கா? செடிகளோடயே குடித்தனம் நடத்துறான்னு அண்ணன் புலம்பிட்டுப் போனான். உன் மெஷின் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடுச்சா?"

"மெஷின் கேட்டுச்சுப்பா. நான்தான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஓகோ" என்றார் அப்பா. மகளின் இமையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் கல்யாண முகங்களையே பார்த்த மனுஷன். "குடை அந்த மூலையில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவன் அறை கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. சுவரெல்லாம் இழுப்பறை, இழுப்பறையெல்லாம் உலர்ந்த இலை, நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் அவன். இவளைப் பார்த்ததும் எழுந்தான். முகம் மட்டும் இறுகியே இருந்தது.

"வாங்க மேடம். என்ன விஷயம்?"

மேடம்! வேண்டும், நன்றாக வேண்டும்.

"நீங்க சொன்னதுதான் சரி. மெஷின் பார்க்குது, கவனிக்கல. நானும்தான்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணனின் கோட், இருநூற்றுப் பன்னிரண்டு படம், பார்க்காமல் தட்டின ஆம்... "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

அவன் திறந்திருந்த ஒரு இழுப்பறையைத் தள்ளி மூடினான். "ஆயிருந்தா... அதுக்கு நீங்க ஏங்க கோவிச்சுக்கணும்?"

பயந்த கேள்வி வந்தேவிட்டது. கன்னம் சூடேற, பதில் தேடித் திரையைப் பார்த்தாள். அவன் கையால் எழுதிய குறிச்சொற்கள் வரிசையாக இருந்தன. நீள் இலை. மடல் இலை. முள் விளிம்பு. அதற்கும் கீழே... 'வியாழக்கிழமை சொல்ல வேண்டியவை'.

"அது வேண்டாங்க..." அவன் மவுஸுக்குப் பாய்ந்தான். அவள் விரல் முந்திக்கொண்டது.

அறுபத்தொரு படங்கள் விரிந்தன. பனித்துளி தாங்கின இலை. பாதி பச்சை, பாதி சிவப்பு. கிழிந்து, தானே ஒட்டிக்கொண்ட மாதிரி ஒன்று. கடைசிப் படத்தில் இன்றைய தேதி. வர வேண்டாம் என்று விரட்டின பிறகும் ஒன்று எடுத்திருக்கிறான்!

"இதுல எத்தனை சொல்லியிருக்கீங்க?"

"மூணு."

"மீதி அம்பத்தெட்டு. வாரத்துக்கு ஒண்ணுன்னா ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமே..." அவள் குரல் தழுதழுத்தது, சிரித்தது, இரண்டும் சேர்ந்தே. "எனக்கு அவ்வளவு பொறுமை இல்லீங்க. தினமும் சொல்ற மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ணுங்களேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மறுபடி மாட்டினான். துடைத்ததில் ஈரம் இன்னும் அதிகமாகியிருந்தது.

"உங்கப்பா எந்தக் கிழமை ஃப்ரீயா இருப்பாரு?"

"வியாழன் தவிர எல்லா நாளும்."

"அப்ப நாளைக்கே வரேன்." அவன் குரல் தாழ்ந்தது. "நாலாவது இலையிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"முதல்லேருந்து" என்றாள் அவள், அவன் கண்களை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அந்த மூணு வியாழனும்... நான் இலையைப் பார்க்கவே இல்ல."