ஆறாவது பெட்டி

மாலை 4.20. ஸ்ரீரங்கம், கொள்ளிடக்கரைத் தோட்டம். சுபஸ்ரீயின் ஆறு தேனீப் பெட்டிகளில் ஐந்தில் உயிர் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் லூர்துராணி வருவதற்குள் சுபஸ்ரீ புகாரை எழுதிவிட்டாள். பக்கத்து வாழைத்தோட்டத்து ரத்தினவேல் மருந்தடித்துக் கொன்றுவிட்டாராம். அவர் சட்டைக் காலர் சுபஸ்ரீயின் அண்ணன் தர்மராஜ் கையில் இருந்தது. லூர்துராணி முதலில் அதை விடுவித்தார்.

"மருந்து அடிச்சீங்களா?"

"அடிக்கிறதாத்தான் இருந்தேன். ஸ்பிரேயர் மக்கர் பண்ணிடுச்சு. பொட்டியை மூடி வைங்கன்னு நேத்தே அவங்க வீட்டுல சொன்னேம்மா."

தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றாள் சுபஸ்ரீ. விடியுமுன் சமயபுரம் போனவள் நாலு மணிக்குத்தான் திரும்பியிருந்தாள். செத்ததை முதலில் பார்த்தது அவள் கணவன் சித்தார்த். துவாக்குடியில் லேத் பட்டறைக் கான்ட்ராக்ட் தொழிலாளி. கிணற்றடியில் நின்றான்.

4.45. பெட்டிகளைத் திறந்தார்கள். அடைகள் இளகிச் சரிந்து, தேன் வழிந்து கிடந்தது. வாசல் துளைக்கு உட்புறம் தேனீக்கள் நனைந்து குவிந்திருந்தன. வெளியே ஒன்றுகூடச் செத்து விழவில்லை. ஆறாவது பெட்டியில் மட்டும் ரீங்காரம். அதன் பின்பலகையில் விரலளவு விரிசல். எல்லா வாசலிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு நூல் ஒட்டியிருந்தது. அதில் இரும்புத்தூள் மினுங்கியது.

வீட்டு ஜன்னலில் சுபஸ்ரீ காலையில் மறந்து விட்டுப்போன போன். பதினொரு மிஸ்டு கால். எல்லாம் சித்தார்த்துடையது, காலை 6.35 முதல் 6.55 வரை. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டிருப்பார் என்றாள்.

5.10.

"மருந்துன்னா பறக்கிற ஈ வெளியில விழுந்து சாகும். இதெல்லாம் வேக்காட்டுல செத்திருக்கு," என்றார் லூர்துராணி.

தேனீ தன் வீட்டை முப்பத்தைந்து டிகிரியில் வைத்திருக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே தெளிக்கும்; வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். இன்று வெயில் நாற்பத்தொன்று. வாசலை யாரோ அடைத்திருக்கிறார்கள். தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. வெளியே வர முட்டி மோதிய உடல்களின் சூடும் சேர்ந்து மெழுகே இளகிவிட்டது. ஆறாவதைக் காப்பாற்றியது அந்த விரிசல்.

"அடைச்சது காட்டன் வேஸ்ட். லேத்துல கை துடைக்கிறது. சொல்லுங்க சித்தார்த்."

அவன் தரையைப் பார்த்தே பேசினான். "மருந்துக்குப் பயந்துதான் அடைச்சேன். அவர் அடிச்சு முடிச்சதும் எட்டு மணிக்கு எடுத்துடலாம்னு. திடீர்னு போன் பண்ணி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கூப்பிட்டாங்க. ஓடிட்டேன். பஸ் காட்டூர் வந்தப்பதான் ஞாபகம். இவளுக்குப் போன் மேல போன் போட்டேன், எடுக்கலை. இறங்கினா வேலை போயிடும். ஏழு மணிக்கு கேட்ல போனை வாங்கி வச்சுட்டாங்க. பத்து மணிக்கு கேட் பாஸ் கேட்டேன். தேனீக்கான்னு சூப்பர்வைசர் சிரிச்சார். மெஷின்ல நின்னுக்கிட்டு மணியையே பார்த்துக்கிட்டிருந்தேன் மேடம். மூணு மணிக்கு வந்து பிடுங்கினேன். அப்புறம் சொல்ல வாய் வரலை."

ரத்தினவேல் காலரைச் சரிசெய்துகொண்டு யாரையும் பார்க்காமல் வாழைக்குள் நடந்தார்.

"இதுக்கு என்ன கேஸ் மேடம்?" என்றாள் சுபஸ்ரீ.

லூர்துராணி புகாரை மடித்து அவளிடமே நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ஆறாவது பெட்டியின் வாசலில் பத்துப் பதினைந்து தேனீக்கள் தலை குனிந்து விசிறிக்கொண்டிருந்தன. சித்தார்த் ஒரு சாக்கை நனைத்து அதன்மேல் போட எடுத்து வந்தான்.

"நீங்க தொடாதீங்க," என்றாள் சுபஸ்ரீ.

பாதி வழியில் நின்றான். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சுடுமண் உறிஞ்சிக்கொண்டிருந்தது.