மூலை மேஜைக்காரியின் தையல்

மகாராணி அந்த வீட்டுக்குப் போனது துக்கம் விசாரிக்க அல்ல. துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான்.

மகாராணி என்பது பொம்மை அலங்காரப் போட்டிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. ஒருவழியாக இவர்களுக்கும் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள். சாண் உயரப் பொம்மைக்கு கவுன், தொப்பி, கைப்பை, செருப்பு எல்லாவற்றையும் கையாலேயே செய்து நிறுத்த வேண்டிய போட்டி அது. முதல் பரிசு வருடா வருடம் அவளுக்குத்தான். மற்றவர்களின் பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் சோற்றில் கல்லைக் கடித்தவள்போல அவள் முகம் கோணும். "இதென்ன, தலையணை உறையா?" என்று கேட்டு ஒருத்தியை அரங்கிலேயே அழவைத்தவள்.

வருடா வருடம் இரண்டாவதாக வந்தவள்தான் இப்போது செத்துப்போயிருந்தாள். அரங்கின் கோடியில், தூணுக்குப் பின்னால் உள்ள மேஜையில் பொம்மையை வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறவள். மூலை மேஜைக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மழை மேகம் மூடிய மத்தியானம். படிக்கட்டில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. கதவைத் திறந்தவள் செத்தவளின் தங்கை.

"வாங்க மேடம். நீங்கல்லாம் வருவீங்கன்னு நினைக்கவே இல்ல."

"வராம இருப்பேனாம்மா? எப்பேர்ப்பட்ட திறமைசாலி உங்க அக்கா!"

பொய் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. பழக்கம்தான்.

தங்கை தையல் அறையைத் திறந்து விட்டாள். சாத்திய ஜன்னல், மங்கிய விளக்கு, ஒரு மேஜை. உள்ளே ஒரு வாடை. குளித்துவிட்டுத் துவட்டாமல் முடிந்து வைத்த ஈரத்தலையின் வாடை. மகாராணி மூக்கைச் சுளித்தாள். இந்தப் பொந்தில் உட்கார்ந்துகொண்டா என்னோடு போட்டி போட்டாள்?

அப்புறம் மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள்.

கருநீல கவுன் போட்ட பொம்மை. விரல் நகத்தின் அகலத்துக்குள் நெருக்கி நெருக்கி வைத்த மடிப்புகள். காற்றில் அசைகிறாற்போல ஒரு கழுத்துச் சுருக்கு. கவுனின் ஒரு கை மட்டும் இணைக்காமல் பக்கத்தில் கிடந்தது. மகாராணி கவுனை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். துணியும் துணியும் தோலோடு தோல் சேர்ந்ததுபோல் சேர்ந்திருந்தன. தையல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"நூலே தெரியலையே?"

"நூல் இல்ல மேடம், தலைமுடி. பொம்மை உடம்புக்கு நூல் கயிறு மாதிரி தெரியும்னு அக்கா தன் முடியாலதான் தைப்பா. கடைசில மருந்து சாப்பிட்டு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அதான் ஒரு கை நின்னுடுச்சு."

மகாராணி கவுனின் மடிப்பை விரலால் நீவினாள். சில வருடங்களுக்கு முன் இதே கண்ணுக்குத் தெரியாத தையலை அரங்கில் பார்த்து வயிறெரிந்தவள் அவள். அன்றைக்கு நடுவரின் காதோரம் போய், "பசை வெச்சு ஒட்டியிருக்கா, நல்லா பாருங்க" என்று ஊதிவிட்டு வந்தாள். பசை வைத்தால் மதிப்பெண் வெட்டு. அன்று விழுந்த வெட்டு வருடா வருடம் தொடர்ந்தது. மூலை மேஜைக்காரி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில்லாததுகளுக்கெல்லாம் போட்டி எதற்கு என்று மகாராணி அப்போதே சிரித்திருக்கிறாள்.

இந்த வருடம்தான் சிரிப்பு வரவில்லை. அவள் கண்கள் போய்க்கொண்டிருந்தன. ஊசிக்காது இரண்டாகத் தெரிந்தது. பல மாதமாக ஒரு பாவாடைகூட முடிந்தபாடில்லை. வெறுங்கையோடு போனால் முதலிடம் போய்விடும். அதைவிட, தன்னால் அழுதவர்களெல்லாம் தன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பார்கள். அதற்குச் சாகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்களே அந்தக் கையைச் சேர்த்து, அக்கா பேர்ல போட்டியில வைக்கிறீங்களா?" தங்கை அந்தத் துணிக் கையை எடுத்து நீட்டினாள். "ஒரு தடவையாவது அவ பேரு முதல்ல வரணும் மேடம்."

மகாராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பொறுப்பும்மா."

படியிறங்குவதற்குள் பொம்மை அவளுடையதாகிவிட்டது. நம்பிக் கொடுத்தவளைப் பற்றி, 'அக்காவுக்கு ஏற்ற தங்கைதான், இதுவும் ஒரு மக்கு' என்று ஒரு நினைப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டு, ஊசியை எடுத்து உட்கார்ந்தாள். நூல் நுனியை எச்சில் பண்ணினாள். கோத்தாள், தவறியது. மறுபடி கோத்தாள். ஊசியை விட்டெறிந்துவிட்டு காபி போட எழுந்து போனாள்.

பால் பொங்கும்போது கேட்டது.

சர்ர்...

இழுத்துப் பிடித்த துணி வழியாக இழை ஏறும் சத்தம். தைக்கிறவர்களுக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

வீட்டில் வேறு யாரும் கிடையாது.

அவள் அறை வாசலில் வந்து நின்றாள். ஈரத்தலையின் வாடை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பொம்மையின் தோளில் கை பாதி சேர்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். மகாராணிக்கும் முதுகு சில்லிடத்தான் செய்தது. ஆனால் அவளுக்குப் பயத்தைவிட இளக்காரம் முந்திக்கொள்ளும்.

"செத்தும் உனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. "சரி, உக்காந்து தை."

விளக்கை மேஜைக்கு நெருக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் கை முழுதாகச் சேர்ந்திருந்தது.

"கையுறையும் வேணும். அஞ்சு விரலும் தனித்தனியா இருக்கணும், தெரியுதா?"

அதுவும் வந்தது. தீக்குச்சியைவிட மெல்லிய விரல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தையல். சம்பளம் கேட்காத, பேர் கேட்காத தையல்காரி. இப்படி ஓர் ஆள் உயிரோடு கிடைத்திருந்தால் எப்போதோ வைத்துக்கொண்டிருக்கலாமே என்று மகாராணி தனக்குள் சிரித்தாள்.

தலை வாரும்போதுதான் சீப்பு உச்சியில் வெறும் தோலில் உரசியது.

விரலால் தடவினாள். வழவழவென்று ஓர் இடம், உள்ளங்கை அளவுக்கு.

அவள் கையுறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கவுனின் பழைய தையல்களெல்லாம் கறுப்பு. தோளிலும் கையுறையிலும் இருந்தவை செம்பட்டை.

அவள் மாதாமாதம் பூசிக்கொள்ளும் சாயத்தின் நிறம்.

அப்போதாவது பொம்மையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவள் ஒரு பட்டுத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, பொம்மையைப் பெட்டியில் வைத்தாள். பெயர் அட்டையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

அரங்கில் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். நடுவர் கவுனை உள்பக்கம் திருப்பி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பசையோன்னு ஒரு சந்தேகம். தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு தையல் எங்க முன்னாடி போட்டுக் காட்டுங்க."

மகாராணி ஊசியை எடுத்தாள். காது இரண்டாகத் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. ஈரமாக, சில்லென்று.

இழை தானாகக் கோத்துக்கொண்டது. ஊசி துணிக்குள் போய் வெளியே வந்தது. நடுவர் குனிந்து பார்த்து, "அம்மாடி!" என்றார். "இந்த உடுப்பு மொத்தமும் நீங்க தைச்சதுதானே?"

கூட்டத்தின் பின்னால் தங்கை நின்றிருந்தாள். அக்காவின் பெயரைப் பார்க்க ஆசையாக வந்தவள். அவள் கண்கள் பெயர் அட்டையில் நிலைகுத்தி நின்றன.

மகாராணியின் காதோரம் ஈரவாடை அடித்தது. மூச்சைவிட மெல்லியதாக ஒரு குரல்.

"சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் முதலிடம் மூலை மேஜைக்குப் போய்விடும்.

"நான்தான்," என்றாள் மகாராணி தலையை நிமிர்த்திக்கொண்டு. "ஒவ்வொரு தையலும் என் கைதான்."

சர்ர்...

முதல் பரிசு அவளுக்குத்தான். கைதட்டல் அரங்கை நிறைத்தது. மைக்கை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

"திமிரைப் பார்த்தியா? ரெண்டு வார்த்தை நன்றி சொன்னா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"நம்மகிட்டல்லாம் பேசுவாளா அவ?"

அவள் விரல்களால் உதட்டைப் பிடித்து இழுத்தாள். நகத்தால் கீறினாள். உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொள்கிறாள் என்று நினைத்து அவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். அவள் கண்களிலிருந்து வழிந்த தண்ணீரையும் ஆனந்தக் கண்ணீர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் வந்தாள். கிட்டே வந்து முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலுதடும் கீழுதடும் தோலோடு தோலாகச் சேர்ந்திருந்தன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தையல் தெரியவில்லை. வாயின் ஓரத்தில் மட்டும் செம்பட்டை முடி ஒன்று நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மகாராணி அந்த முடியைக் காட்டி, வெட்டு, வெட்டு என்று சைகை செய்தாள். தங்கை ஒரு எட்டு பின்னால் போனாள்.

"மாட்டேன் மேடம்," என்றாள் மெல்ல. "வேலை பாக்கி இருந்தாத்தான் அக்கா நுனியை வெட்டாம விட்டிருப்பா."

தொங்கிக்கொண்டிருந்த முடி விறைத்து, கன்னத்தின் வழியாக மேலே ஏறியது.

மகாராணியின் இடது இமை மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது.